எள்ளுக் குளவி

மலாக்காவில் காஜா பெராங்கில், செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி, எழுபத்திரண்டு எலுமிச்சை மரங்கள் இருந்தன. தெய்வானை பீபியின் தோப்பு. பீபி மலாக்காச் செட்டிகளில் ஒருத்தி. கும்பிடுவது மாரியம்மனை, வைத்த பேர் தமிழ்ப் பேர், வாயைத் திறந்தால் மலாய். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தோப்பைக் கவனிக்க அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம் அது. ஜாசின் பக்கம் பால் வெட்டிக்கொண்டிருந்த சேதுபதியை ஊருக்குக் கப்பலேறச் சொன்னார்கள். அவன் ஏறவில்லை. புதுப் பெண்டாட்டி பூங்காவனத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு நடந்தே மலாக்காவுக்கு வந்து, பீபியின் தோப்பில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட குடிசையில் உட்கார்ந்துகொண்டான். பத்து வருஷம் அங்கேயே ஓடிவிட்டது. பிள்ளை தங்கவில்லை. மரங்கள் தங்கின.

சப்பான்காரன் வந்த பிறகு தோப்புக்கு ஒரு மரியாதை வந்தது. ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமைதோறும் மூன்று கூடை எலுமிச்சை கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. பதிலுக்குச் சேதுபதிக்குச் சிவப்பு முத்திரை குத்திய ஒரு காகிதம் கொடுத்தார்கள். காகிதத்தைக் காட்டினால் வாரம் இரண்டு காத்தி அரிசி, ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நாளில் அது பெரிய காரியம். அந்தக் காகிதத்தில் உயிரே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் குன்சோ தோப்புக்கு வந்தான். குன்சோ என்றால் அவர்கள் பாஷையில் சார்ஜெண்டு. அவன் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. கட்டையான ஆள், மழித்த தலை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். அவனுக்குப் பின்னால் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு கணேசமூர்த்தி கிராணி வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, இப்போது குன்சோவின் கிராணி. குன்சோ உடைந்த மலாயில் சொல்வதை அவர் தமிழாக்கிச் சொல்வார்.

குன்சோ மரங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். மரத்தடியிலும் கால்வாய்க் கரையிலும் வேலியோரத்திலும் பூண்டுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. மூக்குத்திப் பூண்டு, நாயுருவி, மலாய்க்காரர்கள் கோழிப்பீ என்று சொல்லும் ஊதாப்பூப் பூண்டு. குன்சோ பூட்ஸ் காலால் ஒரு செடியை நசுக்கினான். திரும்பி வந்து சேதுபதியின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். அறைகிறபோது அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"தோட்டம்னா தரை தெரியணும்னு சொல்றாரு," என்றார் கிராணி. "இது சோம்பேறிங்க தோட்டமாம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒரு புல்லு இருக்கக்கூடாது. கரை ஓரமெல்லாம் மரவள்ளி ஊணணும்."

"செஞ்சிடறேங்க," என்றான் சேதுபதி.

குன்சோ அடுத்த தோட்டத்துக்குப் போனதும் பூங்காவனம் கிராணியை வேலியோரம் மறித்தாள்.

"ஐயா, மரத்தடிய சுத்தம் பண்ணிடறோம். கால்வாக் கரையில மட்டும் நாலு முழ அகலத்துக்கு விட்டுடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அந்தப் பூவுலதாங்க குளவி இருக்கு. சின்னக் குளவி. எள்ளு மாதிரி. அதுதான் புழுவக் கொல்லுது. பூ இல்லேன்னா குளவிக்குத் தீனி இல்ல. புழு வந்துடும்."

கிராணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை. "குளவிக்குத் தீனி வேணும்னு நான் போயி அந்த ஆள்கிட்டச் சொல்லணுமா? மனுசனுக்கே தீனி இல்ல. என்னையும் உன் புருசன் மாதிரி கன்னத்த வீங்க வச்சிக்கச் சொல்றியா?"

அவர் மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பூங்காவனம் அதை யாரிடமும் கற்கவில்லை. எலுமிச்சையில் புழு விழுவது அவள் தினம் பார்க்கிற சங்கதி. கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி தளிரில் கடுகளவு மஞ்சள் முட்டை வைத்துவிட்டுப் போகும். பறவை எச்சம் மாதிரி ஒரு புழு வரும். தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாகி, சுண்டுவிரல் பருமனுக்கு வந்தால் ஒரு கிளையை ஒரு பகலில் மொட்டையடித்துவிடும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும்; அழுகின பழ நாற்றம் அடிக்கும். ஒருமுறை அப்படி ஒரு புழுவை அவள் பால் டின்னில் போட்டுத் துணி கட்டி வைத்தாள். பூச்சியாக மாறுவதைப் பார்க்க ஆசை. ஆனால் புழுவின் விலாவைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக அரிசிமணி போல ஏதோ வெளியே வந்தது. புழு சுருங்கிப்போனது. ஆறேழு நாளில் அரிசிமணிகள் திறந்து, எள்ளுக்கு இறக்கை முளைத்த மாதிரி குளவிகள் துணியில் வந்து மோதின. அவிழ்த்துவிட்டாள். அவை நேரே கால்வாய்க் கரைக்குப் போய் ஊதாப்பூக்களில் தலையை நுழைத்துக்கொண்டன.

அதிலிருந்து அவள் கண் அங்கேயே இருந்தது. பூவில் தின்றுவிட்டு மரத்துக்கு வரும். புழுவின் முதுகில் உட்கார்ந்து ஊசி குத்துவது போல வாலை இறக்கும். மறுபடி பூவுக்குப் போகும். ஒரு வருஷம் தீபாவளிக்காகச் சேதுபதி கிழக்குப் பக்கத்துப் பூண்டையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தான். அந்த வருஷம் கிழக்கு வரிசைதான் புழு தின்று கெட்டது. அவள் சொன்னபோது அவன், "வெயில் அதிகம் அந்தப் பக்கம்," என்றான்.

இப்போதும் அவன் கேட்கவில்லை.

ஏழு நாள் இரண்டு பேரும் சங்கோல் மண்வெட்டி பிடித்தார்கள். விடியுமுன் இறங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை குனிந்த இடுப்பு நிமிராது. ஈர மண், வேரோடு வரும். வெட்டின பூண்டைக் குவித்துக் கொளுத்தினால் எரியாமல் புகைந்தது. அந்தப் புகையில் கண் எரிந்து இருவரும் அழுதவர்கள் மாதிரி இருந்தார்கள். மத்தியானம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் அதன் தழையையே வதக்கின கறியும். ஆறாம் நாள் கால்வாய்க் கரைக்கு வந்தபோது பூங்காவனம் சங்கோலைக் கீழே போட்டாள்.

"இத நான் வெட்டமாட்டேன்."

"அறை வாங்கினது நான். நீயா வாங்கின?"

"வாங்கினதுக்கு அரிசி வருது. மரம் போச்சுன்னா அரிசியும் இல்ல, அறையோட நிக்காது."

"பத்து வருசமா நானும்தான் இந்தத் தோப்புல இருக்கேன். குளவி வந்து காய் காய்க்க வச்சிச்சுன்னு எவனாவது சொன்னானா? பேசாத. தள்ளு."

"கக்கூசுக்குப் பின்னால ஒரு மூலை. அங்க யாரு வந்து பாக்கப் போறா?"

அந்த மூலையை மட்டும் தொடாமல் மற்றதை வெட்டினான். சனிக்கிழமை குன்சோ வந்து தரையைப் பார்த்தான். எழுபத்திரண்டு மரமும் பெருக்கின வாசலில் நட்டுவைத்த குடை மாதிரி நின்றன. குன்சோ தலையை ஆட்டிச் சேதுபதிக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். சேதுபதி அதைப் பற்றவைக்காமல் மூன்று நாள் காதில் சொருகிக்கொண்டு திரிந்தான். தரை அவனுக்குமே அழகாக இருந்தது. சாயங்காலம் ஒரு காய்ந்த இலை விழுந்தாலும் பொறுக்கி எறிவான்.

அடுத்த வாரம் வேலியோரம் ஒன்றுக்கிருக்கப் போன கிராணி கக்கூசுக்குப் பின்னால் பூத்து நின்ற மூலையைப் பார்த்துவிட்டார். "சேதுபதி, இது என்னா?" என்றுதான் கேட்டார். சேதுபதி பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு போய் அதை வெட்டி, வேரைக் கிளறி, மேலே சாம்பலும் கொட்டிவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான்.

மார்கழியில் ஒன்றும் தெரியவில்லை. தை மாதம் தளிர் விட்டபோது வண்ணத்துப்பூச்சிகள் மேகம் மாதிரி வந்தன. ஒரு தளிரில் நாலு முட்டை, ஐந்து முட்டை. முன்பெல்லாம் பத்துப் புழுவில் ஏழெட்டின் முதுகில் வெள்ளை மணி இருக்கும். இப்போது நூறு புழுவைப் புரட்டினாலும் ஒன்றில்கூட இல்லை. இருவரும் ஏணி வைத்துக் கையால் பொறுக்கிச் சாம்பல் தண்ணீரில் போட்டார்கள். ஒரு வரிசை முடித்துத் திரும்பினால் பின்வரிசையில் இலையைக் கடிக்கிற சத்தம், மழைத்தூறல் மாதிரி காதில் கேட்கும். மாசியில் மூன்று கூடை இரண்டாயிற்று. பங்குனியில் ஒன்று.

அதற்குள் ஊரில் வேறு பேச்சு வந்துவிட்டது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு லாரியை நிறுத்திப் பிடித்தார்கள். ஜாசின் பக்கம் தோட்டத்து லயங்களில் ஆண்பிள்ளை இல்லாத வீடுகள் வரிசையாக ஆயின. ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடையை அடைத்துக்கொண்டிருந்தவர்களைக்கூட ஏற்றிப் போனார்கள். சிவப்பு முத்திரைக் காகிதம் இருந்தால் விட்டுவிடுவார்கள். சேதுபதியை ஒருமுறை பாசாரில் பிடித்து, காகிதத்தைப் பார்த்துவிட்டு லாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் வெகுநேரம் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்ன குளவி எங்கயாவது கிடைக்குமா?" என்று அன்றைக்குத்தான் கேட்டான்.

செமாபோக்கில் தவுக்கே என்று எல்லாரும் சொல்லும் ஒரு சீன முதலாளியின் பம்ப்ளிமாசுத் தோட்டம் கிடந்தது. தவுக்கேயை முதல் மாசமே சப்பான்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்கள்; அவர் குடும்பமும் ஓடிப்போயிற்று. பூங்காவனம் நடந்து போனாள். பூண்டு இடுப்பளவு. மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. மரங்களில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. தேடித் தேடி, முதுகில் வெள்ளை மணி ஒட்டிய புழுக்களை இலையோடு கிள்ளி இரண்டு பால் டின் நிறையக் கொண்டுவந்தாள். வழியில் காவல் நின்ற சிப்பாய் டின்னைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துப் போகச் சொன்னான்.

குளவிகள் பொரிந்து வந்தன. நடுவரிசையில் திறந்துவிட்டாள். அவை மரத்தைச் சுற்றின, வெட்டவெளித் தரையைச் சுற்றின, இரண்டாம் நாள் இலைக்கடியில் செத்துக் கிடந்தன. தின்ன ஒரு பூ இல்லை. பூங்காவனம் தெய்வானை பீபியிடம் போய் இனிப்பாக ஏதாவது இருந்தால் கொடுக்கச் சொல்லிக் கேட்டாள். பீபி பானையின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த தென்னங்கருப்பட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, "அம்பெல்," என்றாள், எடுத்துக்கொள் என்று. பூங்காவனம் மறுபடி செமாபோக் போனாள். இந்தத் தடவை கருப்பட்டியைக் கரைத்து இலைகளில் பொட்டுப் பொட்டாகத் தடவி, இன்னும் திறக்காத மணிகளையும் கிளையில் செருகிவிட்டுக் குளவிகளைத் திறந்தாள். குளவிகள் வந்து குடிக்கவும் செய்தன. மத்தியானத்துக்குள் எறும்பு வந்துவிட்டது. வரிசை வரிசையாக ஏறி, கருப்பட்டியையும் தின்று, வெள்ளை மணிகளையும் பிய்த்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போயின.

நாற்பத்துமூன்று சித்திரையில் ஒரு சனிக்கிழமை, அரைக் கூடைக் காயோடு சேதுபதி நின்றான். மரங்கள் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்ட மாதிரி நின்றன. குன்சோ கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தான்.

"மிச்சத்தை யாருக்குக் கொடுத்தேன்னு கேக்கறாரு," என்றார் கிராணி.

"யாருக்கும் கொடுக்கலீங்க. புழு. ஊலாட், துவான், ஊலாட்."

குன்சோ மரத்தைக் காட்டினான். சேதுபதி ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அது கொம்பை நீட்டியது. குன்சோ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். கிராணி உடனே சொல்லவில்லை. குன்சோ அவர் பக்கம் திரும்பிய பிறகு சொன்னார்.

"வாயில போடச் சொல்றாரு."

சேதுபதி போட்டான். மென்றான். இன்னொன்று. அந்த மரத்துப் புழு முழுவதும் தீரும்வரை என்று உத்தரவு. வாந்தி எடுத்தால் எடுத்ததையும் திரும்பத் தின்ன வேண்டும் என்று அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. பச்சைச் சாறு அவன் தாடையில் வழிந்து நெஞ்சு மயிரில் ஒட்டியது. பூங்காவனம் ஓடிப்போய்க் கிளையிலிருந்து இரண்டு கையாலும் புழுக்களை வழித்தெடுத்துத் தன் மடியில் மறைத்தாள். அவனுக்கு நாலு குறையட்டும் என்று. காவலுக்கு வந்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் முழங்கையில் அடித்தான். மடி அவிழ்ந்து கொட்டியது. அதையும் சேதுபதி பொறுக்க வேண்டியதாயிற்று.

போகும்போது கிராணி சேதுபதியின் இடுப்புப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. சேதுபதிக்கு அப்போதும் வயிறு நிற்கவில்லை. தகரப் பெட்டியில் ஒரு வேட்டியும் சாக்குத் துணியில் தைத்த கால்சட்டையும் இருந்தன. பூங்காவனம் முழங்கை வீங்கிப்போய், இடது கையால் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

"சங்கோல மழையில போடாத," என்றான். "துருப்பிடிச்சிடும்."

அவ்வளவுதான் சொன்னான். லாரி உஜோங் பாசிர்ப் பக்கம் ஆள் ஏற்றப் போயிற்று.

காகிதம் மறுவாரமே இன்னொருவன் இடுப்பில் வந்தது. கிராணி பெண்டாட்டியின் தம்பி அப்பாசாமி. துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தவன், இருபத்தைந்து வயது, சங்கோலைப் பிடிக்கத் தெரியாது. மரம் தேறும்வரை ஆறு மாசம் ஒன்றும் கேட்பதில்லை என்று கிராணி குன்சோவிடம் சொல்லி வாங்கியிருந்தார். அந்த ஆறு மாசத்தைச் சேதுபதிக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்பாசாமி நிறைமாதமாக இருந்த பெண்டாட்டி விஜயாவோடு வந்து, குடிசைக்கு ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிக் குடியிருந்தான். பூங்காவனத்தைப் போகச் சொல்லவில்லை. வந்த அன்றைக்கே கைகட்டி நின்றான்.

"அக்கா, இது உங்க இடம். எங்க மச்சான் செஞ்சதுக்கு எனக்கு வாயில்ல. நீங்க இங்கயே இருங்க. எனக்கு ஒரு மரம் எப்படி நிக்குதுன்னுகூடத் தெரியாது."

"இருக்கேன் தம்பி," என்றாள். போக அவளுக்கு இடமும் இல்லை.

கெட்டவன் அல்ல. கிடைக்கிற அரிசியை மூன்று பங்காக வைப்பான். விஜயா காய்ந்த நெத்திலியை வறுத்தால் முதலில் பூங்காவனத்துக்கு எடுத்துவைப்பாள். பிரசவத்துக்குப் பூங்காவனம்தான் பக்கத்தில் இருந்தாள். பெண்குழந்தையைக் கழுவித் துடைத்து விஜயாவின் மார்பில் போட்டவளும் அவள்தான்.

சங்கோல் பிடிக்கத் தெரியாதவன் கையில் தோப்பு கிடந்தது. குன்சோவும் ஆறு மாசம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மழைக்குள் கால்வாய்க் கரையில் மூக்குத்திப் பூண்டு எழுந்தது. அப்புறம் ஊதாப்பூ. ஆடியில் வேலியோரம் முழுக்கப் பூ. பூங்காவனம் ஒருநாள் ஒரு புழுவைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் வெள்ளை மணி. எங்கிருந்து வந்ததோ, யாரும் கொண்டுவராமல் தானாக வந்திருந்தது. அவள் அந்த இலையைக் கிள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஆவணியில் மரம் கறுகறுவென்று தளிர்த்துப் பூத்தது. கார்த்திகைக்குள் கிளை வளையக் காய்.

"கைராசிக்காரன்னு குன்சோ சொன்னானாம்," என்று அப்பாசாமி வந்து சொன்னான். வெட்கப்பட்டுக்கொண்டு, "ராசி உங்களுதுதான் அக்கா," என்றும் சொன்னான்.

அந்தக் கார்த்திகையில் கிராணி வந்தார். அப்பாசாமியின் அக்காள் புருஷன் என்பதால் விஜயா அவருக்கு வெறுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்தபின் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"ரேசன் அட்டையில சேதுபதி பேரு நிக்குது. வெட்டணும். கட்டைவிரல இங்க வை."

"எதுக்குங்க வெட்டணும்?"

"தகவல் வந்திருக்கு. ஆனி மாசமே போயிட்டானாம். வாந்தி பேதியாம், அந்த முகாம்ல பாதிப் பேரு." அவர் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "ஆறு மாசமா அவன் பேருல உப்பு வாங்கியிருக்க. நான் பெரிசுபடுத்தல."

அவள் விரலை வைத்தாள். மை தெளிவாக விழவில்லை என்று இன்னொருமுறை வைக்கச் சொன்னார். வைத்தாள். குழந்தை அழுதது, விஜயா எழுந்து போனாள். கிராணி, வருகிற வாரம் குன்சோ தோப்பைப் பார்க்க வருவதாக அப்பாசாமியிடம் சொல்லிவிட்டு மிதிவண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை அப்பாசாமி கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த பூங்காவனத்திடம் வந்தான்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. ஆனா உங்கள விட்டா எனக்கு யாரு சொல்லுவா? இந்தப் பூண்டெல்லாம் கிடக்கட்டுமா, பிடுங்கிடறதா? குன்சோவுக்குத் தரை தெரியணும்னு மச்சான் சொல்றாரு. ஒரு ஓரமா விட்டுக் கேட்டுப் பாக்கலாம், நான் சொன்னா இப்ப கேப்பான் போல இருக்கு. மரத்துக்கு எது நல்லது? நீங்க சொல்றபடி செய்யறேன்."

அவன் கேட்டிருந்தால் குன்சோ ஒப்புக்கொண்டிருப்பான். மூன்று கூடையும் நிறைந்து போய்க்கொண்டிருந்த நேரம். பூங்காவனத்துக்கு அதுவும் தெரிந்திருந்தது. அவள் கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டினாள். கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை.

"பிடுங்கிரு தம்பி," என்றாள். "வேரோட. பூண்டு மரத்துச் சத்த உறிஞ்சிடும்."

"கரையிலயுமா?"

"கரையிலதான் முக்கியம்."

அவளே சங்கோலை எடுத்து அவனுக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். எப்படிக் குனிவது, எங்கே கொத்தினால் வேர் அறாமல் வரும் என்று காட்டினாள். ஆறு நாள் அவனோடு நின்று வெட்டினாள். பழைய அடி விழுந்த முழங்கை ராப்பகலாக வலித்தது, நிறுத்தவில்லை. கக்கூசுக்குப் பின்னால் இருந்த மூலையை அவனுக்கு அவளாகத்தான் காட்டிக்கொடுத்தாள். புகை பீபியின் வீட்டுப் பக்கம் போயிற்று. பீபி சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் வந்தாள். எரிகிற குவியலைப் பார்த்தாள். பூங்காவனத்தைப் பார்த்தாள். கருப்பட்டி எதற்கென்று அவள் கேட்காவிட்டாலும் அப்போது சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"செங்காஜா?" என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டுமென்றேதானா என்று.

பூங்காவனம் குவியலைக் குச்சியால் கிளறினாள். பீபி அப்பாசாமியிடம் போவாள் என்றுதான் பூங்காவனம் எதிர்பார்த்தாள்; போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. பீபி வீட்டுக்குப் போய்ச் சன்னலைச் சாத்திக்கொண்டாள். குன்சோவுக்கும் கிராணிக்கும் நடுவே போய் ஒரு வார்த்தை பேசுகிற நிலைமையில் அன்றைக்கு யாரும் இல்லை.

மாசியில் புழு வந்தது. அப்பாசாமி ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. விஜயா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கீழ்க்கிளைகளில் பொறுக்கினாள். பூங்காவனமும் பொறுக்கினாள்; நிஜமாகவே பொறுக்கினாள். புழு ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இத்தோடு தீர்ந்துவிடாதா, இவன் தப்பிவிட மாட்டானா என்று நினைத்தாள். சில நாள் அப்படி நினைத்தாள். சில நாள் அவன் சாப்பிட்டுக் கை கழுவுகிற சத்தம் கேட்டால் வேறு மாதிரி நினைத்தாள். செமாபோக் போனால் பால் டின் நிறையக் கிடைக்கும் என்பதும், இங்கே விட்டால் இரண்டு நாளில் சாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் மட்டும் டின்னை எடுத்துக்கொண்டு பாதி வழி போனாள். போய்த் திரும்பிவிட்டாள்.

நாற்பத்துநாலு சித்திரையில் காய் நின்றுபோயிற்று. குன்சோ இந்தத் தடவை புழு தின்னச் சொல்லவில்லை. அவனுக்கு அது அலுத்துப்போயிருந்தது. கிராணி மைத்துனனுக்காகக் காலில் விழுந்தார். எழுந்தபோது அவர் நெற்றியில் பூட்ஸ் சேறு இருந்தது. குன்சோ காகிதத்தை வாங்கிக் கிழித்தான். தோப்பு முழுவதையும் வெட்டி மரவள்ளி ஊன்றச் சொன்னான். எழுபத்திரண்டு மரமும் நாலு நாளில் தரையில் கிடந்தன. பச்சை எலுமிச்சைக் கட்டையின் வாசனை செட்டி கம்பம் வரைக்கும் அடித்தது.

லாரி வந்த காலையில் அப்பாசாமி குழந்தையைப் பூங்காவனத்தின் கையில் கொடுத்தான். "நீங்க சொன்ன எதையும் நான் விடல அக்கா," என்றான். "ஒரு புல்லு விடல. அப்படியும் என்னால முடியல. இவங்களப் பாத்துக்குங்க."

பூங்காவனம் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பாசாமி ஏறிவிட்டான்.

கிராணி, தங்கச்சி முறையான விஜயாவை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கே இனி ஆபீசில் இடம் நிச்சயமில்லை என்றார். விஜயா பாயைச் சுருட்டிக்கொண்டு பூங்காவனத்தின் குடிசைக்குள் வந்தாள். "உங்ககூடவே இருந்துக்கிறேன் அக்கா," என்றாள். பூங்காவனம் தன் பாயைச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.

சப்பான்காரன் போகிறவரைக்கும் இரண்டு பேரும் அந்த ஒரே குடிசையில் இருந்தார்கள். மரவள்ளி தோண்டினார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது பூங்காவனம் மழையில் நனைந்து போய்க் கொய்னா மருந்து கெஞ்சி வாங்கிவந்தாள். தன் பங்குக் கஞ்சியைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த நாட்கள் உண்டு. போனவர்கள் இரண்டு பேருமே திரும்பவில்லை. அப்பாசாமி எந்த ஊரில், எந்த மாதம் செத்தான் என்று ஒரு தகவலும் வரவில்லை.

சண்டை முடிந்து பல வருஷம் கழித்தும், யார் வீட்டுக்கு வந்தாலும் விஜயா இதைச் சொல்லாமல் விடமாட்டாள். "இந்த அக்கா மட்டும் இல்லேன்னா நானும் எம்மவளும் அன்னிக்கே போயிருப்போம். கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா."

அவள் தொடங்கினதும் பூங்காவனம் எழுந்து வெளியே போய்விடுவாள். புகழ்ச்சி பிடிக்காத மனுஷி என்று கம்பத்தில் அவளுக்குப் பேர்.